ரூபாய் இறங்கும்போது கூலி எங்கே நிற்கிறது?



ஓர் இலக்கிய அமைப்பின் நினைவுச் சொற்பொழிவில் நாணய மதிப்பைப் பற்றிப் பேச வேண்டுமா என்று சிலருக்குத் தோன்றலாம். இன்று நாம் நினைவுகூரும் தோழர், தோல் பதனிடும் தொழிற்சாலையில் சுண்ணாம்புக் குழிக்குள் நின்று வேலை பார்த்தவர். இரவுகளில் சேரியில் படிப்பு வட்டம் நடத்தியவர். 1991 ஜூலையில் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்ட வாரத்தில் அந்த வட்டத்தில் அவர் கேட்ட ஒரு கேள்வியை மூத்த தோழர்கள் இன்றும் சொல்வார்கள்: "நாம பதப்படுத்துற தோலு வெளிநாட்டுக்குத்தானே போவுது. டாலர் ஏறிடுச்சுன்றாங்க. அப்போ நம்ம கூலியும் ஏறணும்தானே?"

அன்று அங்கிருந்த யாருக்கும் பதில் தெரியவில்லை. சமூகவியல் படிக்கப் போன எங்களுக்கும் எந்த வகுப்பறையும் இதற்குப் பதில் சொல்லித் தரவில்லை. பதில் அண்ணல் அம்பேத்கரின் எழுத்தில் இருந்தது. அவரைச் சட்ட மேதையாக மட்டுமே படித்துக்கொண்டிருந்ததால் அந்தப் பக்கம் போக எங்களுக்கு வெகுகாலம் ஆயிற்று. தோழரின் கேள்விக்குத் தாமதமாகத் தரப்படும் பதிலாகவே இந்த உரையை எடுத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

பாடநூல் சொல்வது

ஒரு நாடு தன் ஏற்றுமதியில் ஈட்டுவதைவிட இறக்குமதிக்கு அதிகம் செலவழித்தால் வர்த்தகப் பற்றாக்குறை ஏற்படுகிறது. அதைச் சரிசெய்யச் சொல்லப்படும் வழிகளில் ஒன்று நாணய மதிப்புக் குறைப்பு. ரூபாயின் மதிப்பைக் குறைத்தால் நம் பொருள்கள் வெளிநாட்டாருக்கு மலிவாகும், அவர்கள் கூடுதலாக வாங்குவார்கள். வெளிநாட்டுப் பொருள்கள் நமக்கு விலை கூடும், நாம் குறைவாக வாங்குவோம். இரண்டும் சேர்ந்து பற்றாக்குறை சுருங்கும் என்பது வாதம்.

இந்த வாதம் பொய்யல்ல. ஆனால் அதற்குக் காலமும் நிபந்தனையும் உண்டு. மதிப்புக் குறைப்பு ஓர் இரவில் அறிவிக்கப்படுகிறது. வாங்குவதும் விற்பதும் ஓர் இரவில் மாறுவதில்லை. ஏற்கெனவே கையெழுத்தான ஒப்பந்தங்கள் இருக்கின்றன. கச்சா எண்ணெய், உணவு தானியம், உரம், இயந்திர உதிரிப்பாகம் போன்றவற்றை விலை கூடிவிட்டது என்பதற்காக உடனே நிறுத்திவிட முடியாது. ஆகவே இறக்குமதிச் செலவு முதலில் கூடுகிறது. ஏற்றுமதியோ மெல்லத்தான் வளர்கிறது. புதிய வாடிக்கையாளரைப் பிடிக்க வேண்டும், ஆலையை விரிவாக்க வேண்டும். அதற்கு ஓராண்டு ஈராண்டு பிடிக்கும். இதனால் வர்த்தகக் கணக்கு முதலில் மோசமாகி, பிறகே தேறுகிறது. வரைபடத்தில் போட்டால் அது முதலில் கீழிறங்கி, பின் வளைந்து மேலேறும் ஆங்கில எழுத்தான 'ஜே' போலத் தெரியும். பொருளியலாளர்கள் இதை ஜே வளைவு என்கிறார்கள்.

பிரிட்டன் 1967 நவம்பரில் பவுண்டின் மதிப்பை 2.80 டாலரிலிருந்து 2.40 டாலராகக் குறைத்தது. 1968 முழுக்கப் பற்றாக்குறை நீடித்தது. 1969இல்தான் அதன் நடப்புக் கணக்கு உபரிக்குத் திரும்பியது.

நிபந்தனையையும் எளிமையாகச் சொல்லிவிடலாம். விலை மாற்றத்துக்கு ஏற்ப விற்பனையும் வாங்கலும் போதுமான அளவு மாற வேண்டும். உலகம் நம்மிடம் வாங்கும் அளவு கூடாமலும், நாம் உலகிடம் வாங்கும் அளவு குறையாமலும் போனால், அதே சரக்கை மலிவாகக் கொடுத்து, அதே சரக்கை அதிக விலைக்கு வாங்கியதுதான் மிச்சம்.

பாடநூல் இங்கே நிறுத்திக்கொள்கிறது. அந்த வளைவின் அடிப்பகுதியில், அந்த ஓராண்டு ஈராண்டில், செலவை ஏற்பவர் யார் என்று அது கேட்பதில்லை. அம்பேத்கர் கேட்டார்.

வெள்ளி ரூபாயும் அம்பேத்கரும்

1835 முதல் பிரிட்டிஷ் இந்தியாவின் நாணயம் வெள்ளி ரூபாய். பிரிட்டனுடையது தங்கம். 1870களில் ஜெர்மனியும் பிற ஐரோப்பிய நாடுகளும் வெள்ளியைக் கைவிட்டுத் தங்கத்துக்கு மாறியபோது வெள்ளியின் விலை சரியத் தொடங்கியது. 1870களின் தொடக்கத்தில் 2 ஷில்லிங்குக்குச் சற்றே குறைவாக இருந்த ரூபாய், 1892-93இல் 1 ஷில்லிங் 3 பென்ஸ் அளவுக்கு வந்துவிட்டது. யாரும் அறிவிக்காமலேயே இருபது ஆண்டுகள் நடந்த மதிப்புக் குறைப்பு இது.

இதில் சிலர் ஆதாயம் அடைந்தார்கள். பம்பாய் நூற்பாலைகள் சீனத்துக்கு நூல் விற்றுப் பெருகின. கோதுமை கப்பலேறியது. மறுபக்கம் லண்டனுக்குப் பவுண்டில் கட்ட வேண்டிய ஓய்வூதியம், வட்டி, நிர்வாகச் செலவுகளுக்கு அரசு மேலும் மேலும் ரூபாயைத் திரட்ட வேண்டியிருந்தது. 1888இல் உப்பு வரி மணங்குக்கு 2 ரூபாயிலிருந்து இரண்டரை ரூபாயாக உயர்த்தப்பட்டது. நாணயம் சரிந்ததன் விலையில் ஒரு பங்கைக் கஞ்சிக்கு உப்பு வாங்கியவர்கள் கட்டினார்கள். 1893இல் பொதுமக்கள் வெள்ளியைக் கொடுத்து நாணயம் அடித்துக்கொள்ளும் உரிமையை மூடித்தான் அரசு இந்தச் சரிவை நிறுத்தியது.

இந்த வரலாற்றைத்தான் லண்டன் பொருளியல் பள்ளியில் தன் டாக்டர் பட்ட ஆய்வாக அம்பேத்கர் எழுதினார். அது 'ரூபாயின் பிரச்சினை' என்ற நூலாக 1923இல் வெளிவந்தது. அவருடைய ஆசிரியர் எட்வின் கேனன் அதற்கு முன்னுரை எழுதினார். ரூபாய் விழுந்தால் ஏற்றுமதிக்கு ஊக்கம் கிடைக்கிறது, ஆகவே நாட்டுக்கு நன்மை என்று அன்று பரவலாகச் சொல்லப்பட்டது. அம்பேத்கர் அந்த ஊக்கம் எங்கிருந்து வருகிறது என்று தேடினார். விலைகள் ஏறும் வேகத்தில் கூலி ஏறுவதில்லை. விற்பவர் கையில் கூடுதல் ரூபாய் வருகிறது, அவர் கொடுக்கும் கூலியோ அப்படியே நிற்கிறது. அந்த இடைவெளிதான் அவருடைய ஆதாயம். அது வெளிநாட்டிலிருந்து வந்த செல்வமல்ல, உள்நாட்டில் ஒரு வகுப்பின் கையிலிருந்து இன்னொரு வகுப்பின் கைக்கு மாறியது. நாடு என்று பார்த்தால் அதே அளவு இறக்குமதிக்கு இப்போது அதிகச் சரக்கைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. இதுவே அவர் கண்ட முடிவின் சாரம்.

1925இல் ஹில்டன் யங் தலைமையிலான நாணய ஆணையத்தின் முன் சாட்சியம் அளித்தபோதும் அவர் இதையே வலியுறுத்தினார். ரூபாய்க்கு 1 ஷில்லிங் 4 பென்ஸா, 1 ஷில்லிங் 6 பென்ஸா என்பது அன்றைய பெரிய சண்டை. இந்திய வணிகர்களும் ஆலை முதலாளிகளும் தாழ்ந்த மதிப்பான 4 பென்ஸைக் கேட்டார்கள். ஆணையத்தின் உறுப்பினரான புருஷோத்தம்தாஸ் தாக்கூர்தாஸ் அதற்காகவே மாற்றுக் கருத்துக் குறிப்பு எழுதினார். தேசிய இயக்கத்திலும் அதற்கே ஆதரவு அதிகம். முதலாளியின் நலன் தேசத்தின் நலனாகப் பேசப்பட்ட காலம் அது. கூலிக்காரர் பக்கம் நின்று பார்த்த அம்பேத்கர் 1 ஷில்லிங் 6 பென்ஸின் பக்கமே சாய்ந்தார். ஆணையமும் அதையே பரிந்துரைத்தது, 1927இல் சட்டமாயிற்று.

உயர்ந்த ரூபாய் என்றால் ஏழைக்கு நல்லது என்று இதைச் சுருக்கிவிடக் கூடாது. முதல் உலகப் போருக்குப் பின் அரசு ரூபாயை 2 ஷில்லிங்கில் நிறுத்தப் பார்த்தபோது ஏற்றுமதி நொடித்தது, அந்த விகிதமும் நிலைக்கவில்லை. ஆலை மூடினால் முதலில் வெளியேற்றப்படுவதும் கூலிக்காரர்தான். அம்பேத்கர் கேட்டது உயர்ந்த ரூபாயை அல்ல. வாங்கும் சக்தி நிலையாக இருக்கும் ரூபாயை, ஆட்சியாளர் தம் வசதிக்கு ஏற்ப ஏற்றி இறக்க முடியாத ரூபாயைக் கேட்டார்.

1966 ஜூன் 6

சுதந்திர இந்தியா பவுண்டோடு சேர்ந்து 1949இல் ஒருமுறை ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. டாலருக்கு 4.76 ரூபாய் என்று ஆயிற்று. அந்த விகிதம் 1966 ஜூன் 6 வரை நீடித்தது. அன்று இந்திரா காந்தி அரசு அதை 7.50 ரூபாயாக்கியது. ரூபாயின் மதிப்பு 36.5 விழுக்காடு குறைந்தது, டாலரின் விலை 57.5 விழுக்காடு கூடியது. சீனப் போர், பாகிஸ்தான் போர், 1965இன் வறட்சி எல்லாம் சேர்ந்து அந்நியச் செலாவணி வற்றியிருந்தது. உதவி வேண்டுமானால் மதிப்பைக் குறையுங்கள் என்று அமெரிக்காவும் உலக வங்கியும் நெருக்கின. முடிவெடுக்கும் முன் ஆளும் கட்சியின் தலைவரான காமராஜரிடம் கலந்து பேசவில்லை. அவர் அதை வெளிப்படையாகவே எதிர்த்தார்.

வர்த்தகக் கணக்கைப் பார்ப்போம். 1965-66இல் பற்றாக்குறை 599 கோடி ரூபாய். மதிப்பைக் குறைத்த 1966-67இல் அது 921 கோடியானது. அடுத்த ஆண்டு 809 கோடி, அதற்கடுத்து 551 கோடி, 1969-70இல் 169 கோடி, 1970-71இல் 99 கோடி. 1972-73இல் 104 கோடி உபரி. பாடநூலின் ஜே வளைவு அப்படியே தெரிகிறது.

ஆனால் எண்களை இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். முதல் ஆண்டில் பற்றாக்குறை பெருத்ததில் ஒரு பகுதி, அதே டாலரை அதிக ரூபாயில் எழுதியதால் வந்தது. அதே சமயம் டாலர் கணக்கில் ஏற்றுமதி அந்த ஆண்டு உயரவில்லை, குறைந்தது. சணல், தேயிலை போன்ற நம் பழைய ஏற்றுமதிகளை விலை மலிந்தது என்பதற்காக உலகம் இரண்டு மடங்கு வாங்கப் போவதில்லை. அவற்றின் மீது அரசே ஏற்றுமதி வரியும் போட்டது. முன்பு ஏற்றுமதியாளருக்கு இருந்த சலுகைகளையும் அதே நாளில் நீக்கியது. ஆகவே அவர் கைக்கு வந்த உண்மையான ஊக்கம் 57 விழுக்காட்டைவிட வெகு குறைவு. 1966-67இல் இரண்டாவது வறட்சி வந்தது. 1966இல் மட்டும் சுமார் 1 கோடி டன் தானியம் இறக்குமதியானது. அது விலையைப் பார்த்து நிறுத்தக்கூடிய இறக்குமதி அல்ல. வாக்களித்த வெளிநாட்டு உதவியும் எதிர்பார்த்தபடி தொடரவில்லை.

பிறகு பற்றாக்குறை சுருங்கியது உண்மை. ஏற்றுமதி 1966-67இல் 1,157 கோடியிலிருந்து 1969-70இல் 1,413 கோடியாகத்தான் உயர்ந்தது. இறக்குமதியோ 2,078 கோடியிலிருந்து 1,582 கோடியாக விழுந்தது. தொழில் மந்தத்தால் இயந்திரங்கள் வாங்கப்படவில்லை, விளைச்சல் கூடியதால் தானிய இறக்குமதி குறைந்தது. உலகம் நம்மிடம் அதிகம் வாங்கியதைவிட நாம் குறைவாக வாங்கியதால்தான் கணக்கு பெரும்பாலும் நேரானது.

அரைப்படி நெல்லும் பின்தங்கும் கூலியும்

அந்த ஆண்டுகளில் சென்னை மாநிலத்தில் அரிசிதான் அரசியல். 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி எவ்வளவு தூரம் பேசப்பட்டது என்பதை மூத்தவர்கள் அறிவார்கள். விலை ஏறுகிறது, கூலி நிற்கிறது என்பதை வயலில் இறங்கி நின்றவர்கள் எந்த ஆணையத்தின் அறிக்கையும் இல்லாமலே அறிந்திருந்தார்கள். கீழத் தஞ்சையில் விவசாயத் தொழிலாளர்கள் கூடுதலாக அரைப்படி நெல் கேட்டார்கள். அந்தக் கூலிப் போராட்டத்தின் தொடர்ச்சியில்தான் 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள்.

ரூபாயின் மதிப்புக் குறைப்புதான் வெண்மணிக்குக் காரணம் என்று நாம் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது வரலாற்றுக்கும் பொய், சாதியின் குற்றத்தையும் மறைப்பதாகும். நாம் சொல்வது வேறு. விலை ஏறும்போது கூலி பின்தங்கும் என்று பொருளியல் நூல்கள் ஒரு வரியில் எழுதிக் கடந்துபோகின்றன, மழைக்குப் பின் வெயில் என்பதுபோல. கூலி தானாகப் பின்தங்குவதில்லை. யாரோ அதைப் பிடித்து நிறுத்துகிறார்கள். அரசு ஊழியருக்குப் பஞ்சப்படி உண்டு, விலை ஏறினால் சம்பளம் அதற்கேற்ப நகரும். வணிகர் விலையைத் தானே ஏற்றிக்கொள்வார். நிலமற்ற தலித் தொழிலாளி மட்டும் ஒவ்வொரு அரைப்படிக்கும் பண்ணையாரின் முன் நின்று கேட்க வேண்டும். கேட்டால் வேலை மறுப்பு, ஊர்விலக்கு, நெருப்பு. கூலி எவ்வளவு காலம் பின்தங்கும் என்பதைச் சந்தை மட்டும் தீர்மானிப்பதில்லை, சாதியும் தீர்மானிக்கிறது. மதிப்புக் குறைப்பால் கிடைக்கும் ஏற்றுமதி ஆதாயம் அந்தப் பின்தங்கலின் நீளத்தைப் பொறுத்தது என்றால், அந்த ஆதாயத்தின் கணக்கில் சாதிக்கும் ஒரு பத்தி இருக்கிறது.

1991: தோழரின் கேள்வி

1991இன் நடுவில் இந்தியாவின் அந்நியச் செலாவணி இரண்டொரு வார இறக்குமதிக்கே போதுமானதாக இருந்தது. ரிசர்வ் வங்கியின் தங்கத்தில் ஏறக்குறைய 47 டன் அடகுக்காக வெளிநாடு போனது. ஜூலை 1, ஜூலை 3 என இரண்டு படிகளில் ரூபாய் இறக்கப்பட்டது. டாலர் 21 ரூபாயிலிருந்து 26 ரூபாய்க்கு வந்தது.

1990-91இல் ஏற்றுமதி 1,810 கோடி டாலர், இறக்குமதி 2,410 கோடி டாலர். 1991-92இல் ஏற்றுமதி உயரவில்லை, 1,790 கோடியாகச் சற்றே குறைந்தது. சோவியத் சந்தை சரிந்ததும் அதற்கு ஒரு காரணம். ஆனால் இறக்குமதி 1,940 கோடியாக வெட்டப்பட்டது. பற்றாக்குறை சுமார் 600 கோடி டாலரிலிருந்து 150 கோடிக்கு இறங்கிவிட்டது. இங்கே ஜே வளைவின் முதல் பாதி தெரியவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மதிப்புக் குறைப்பு வேலை செய்வதற்கு முன்பே அரசு இறக்குமதியைக் கையால் பிடித்து நெரித்ததுதான் காரணம். ஏற்றுமதி 1993-94இல்தான் நன்றாக எழுந்தது, 2,220 கோடி டாலர். அறிவிப்புக்கும் பலனுக்கும் நடுவே இரண்டு ஆண்டுகள்.

அந்த இரண்டு ஆண்டுகளில் என்ன நடந்தது? 1991 ஆகஸ்டில் மொத்த விலை ஏற்றம் 16 விழுக்காட்டைத் தாண்டியது. உர விலை கூட்டப்பட்டது. பொது விநியோகத்துக்கு மத்திய அரசு தரும் அரிசி, கோதுமையின் விலையும் உயர்த்தப்பட்டது. வளைவின் அடியில் நின்றவர்கள் ரேஷன் கடை வரிசையிலும் நின்றார்கள்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, திண்டுக்கல் தோல் தொழிலாளரின் கணக்கை இப்போது போடலாம். 1,000 டாலர் தோலுக்கு முன்பு 21,000 ரூபாய், இப்போது 26,000 ரூபாய். இந்த 5,000 ரூபாய் யாருக்கு? ரூபாய் இறங்கியது வெளிநாட்டு வாடிக்கையாளருக்கும் தெரியும், அவர் விலையைக் குறைக்கச் சொல்வார். வெளியிலிருந்து வரும் ரசாயனத்துக்குக் கூடுதல் ரூபாய் போகும். மிச்சம் முதலாளியின் கையில். நாளுக்கும் எண்ணிக்கைக்கும் கூலி வாங்கிய, பெரும்பாலும் தலித்துகளும் ஏழை இஸ்லாமியருமான தொழிலாளரின் கூலிக்கும் டாலருக்கும் எந்த ஒப்பந்தமும் கிடையாது. கூலி ஏறணும்தானே என்ற கேள்விக்குப் பதில் இதுதான், தோழரே. ஏற வேண்டும். தானாக ஏறாது. ஏறாமல் இருப்பதில்தான் மற்றவரின் ஆதாயத்தில் ஒரு பகுதி அடங்கியிருக்கிறது.

நாம் எதைக் கேட்பது

மதிப்புக் குறைப்பே கூடாது என்பது நம் நிலைப்பாடு அல்ல. செலாவணி தீர்ந்த நாட்டுக்குச் சில நேரம் வேறு வழி இருப்பதில்லை. ஏற்றுமதி வளர்ந்தபோது திருப்பூரிலும் ஆம்பூரிலும் நம் பிள்ளைகளுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, பண்ணையார் வயலைவிட்டு வெளியேற ஒரு வாசல் திறந்ததையும் மறுக்க முடியாது. ஆனால் இன்று ரூபாயை யாரும் அறிவித்து இறக்குவதில்லை. அது சந்தையில் அன்றாடம் இறங்குகிறது. 1966இலும் 1991இலும் நாடே பேசிய ஒன்று, இப்போது செய்தித்தாளின் வணிகப் பக்கத்தில் ஒரு மூலையில் முடிந்துவிடுகிறது. வெள்ளி ரூபாய் காலம்போலவே அறிவிப்பில்லாத மதிப்புக் குறைப்பு. ஆகவே நம் கண்காணிப்பும் அன்றாடம் இருக்க வேண்டியிருக்கிறது.

வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை வகித்த அம்பேத்கர், 1946இல் குறைந்தபட்சக் கூலி மசோதாவை முன்வைத்தார். அது 1948இல் சட்டமானது. நாணயத்தைப் பற்றி எழுதிய இளைஞரும் கூலிச் சட்டம் கொண்டுவந்த அமைச்சரும் ஒரே மனிதர் என்பதை நாம் சேர்த்துப் படிக்க வேண்டும். விலையேற்றத்தோடு தானாக நகரும் பஞ்சப்படியைக் குறைந்தபட்சக் கூலி பெறும் ஒவ்வொருவருக்கும் நடைமுறையில் உறுதி செய்வது நம் முதல் கோரிக்கை. ஏற்றுமதித் தொழில்களின் கூலிப் பேச்சில் செலாவணி விகிதத்தையும் மேசையில் வைப்பது இரண்டாவது. இறக்குமதி விலை ஏறும் காலத்தில் ரேஷனைக் குறைக்காமல் விரிவாக்குவது மூன்றாவது.

மாணவர்களிடம் ஒன்று கேட்கிறோம். உங்கள் ஊரில் 1966க்குப் பிறகும் 1991க்குப் பிறகும் ஒரு நாள் கூலிக்கு எத்தனை படி அரிசி வந்தது என்று பாட்டிமாரிடம் கேட்டு எழுதிவையுங்கள். ஏற்றுமதிக் கணக்கு ரிசர்வ் வங்கியில் ஆண்டுவாரியாக இருக்கிறது. இந்தக் கணக்கு நம் பாட்டிமாரின் நினைவில் மட்டும் இருக்கிறது, அவர்களோடு போய்விடும். தோழர் நடத்திய படிப்பு வட்டத்தின் அடுத்த பாடம் அதுவாக இருக்கட்டும்.

ஜெய்பீம்.